ழ கேட்ட காது

1

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகம் நெதர்லாந்தில், ஆற்றங்கரையில் உள்ள ஒரு நடுத்தர ஊரில் இருக்கிறது. மொழியியல் துறை. அங்கே இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஐந்து வருடமாக ஒரு பாடம் நடத்துகிறேன். ஆய்வு செய்கிறவர்கள் தங்கள் கையில் இருப்பதை ஒளிக்காமல் விரித்து வைக்கப் பழக்கும் பாடம் என்று சொல்லலாம். எதை அளந்தோம், எப்படி அளந்தோம், எதை வேண்டாமென்று ஒதுக்கினோம் என்பதெல்லாம் இன்னொருவர் எடுத்துத் திரும்பச் செய்து பார்க்கும்படி இருக்க வேண்டும். அவருக்கும் அதே முடிவு வந்தால்தான் நாம் சொன்னதற்கு மதிப்பு. இதை முதல் வகுப்பில் கொஞ்சம் கறாரான குரலில் சொல்வேன்.

பிறகு ஒரு பட்டியலைக் கொடுப்பேன். ஏற்கெனவே வெளியான இருபது ஆய்வுக்கட்டுரைகள். ஆளுக்கொன்றை எடுத்து, அதை எழுதியவர் வைத்திருந்த அதே தரவைக் கொண்டு மறுபடி செய்து பார்க்க வேண்டும். பட்டியலின் கடைசியில் என்னுடைய கட்டுரை ஒன்றும் இருக்கும். செஞ்சிப் பக்கத்து மக்களின் பேச்சில் ழ என்ன ஆயிற்று என்பது அதன் பொருள். எனக்கு முனைவர் பட்டத்தையும் இந்த வேலையையும் வாங்கித் தந்த கட்டுரை. ஆசிரியைக்கும் விதிவிலக்கு இல்லை என்று காட்டிக்கொள்வதற்காக அதைச் சேர்த்திருந்தேன். நான்கு வருடமாக யாரும் எடுக்கவில்லை. தமிழ் தெரிந்த மாணவர் ஒருவரும் இல்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வருடம் லோட்டெ என்ற மாணவி அதை எடுத்தாள். வடக்கே மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள்.

"உனக்குத் தமிழ் தெரியாதே" என்றேன்.

"அதனால்தான் எடுத்தேன். தெரிந்திருந்தால், கேட்பதற்கு முன்னாலேயே இன்ன வார்த்தைதான் என்று முடிவு பண்ணிவிடுவேன்" என்றாள். தன் அப்பா மாடுகளிடம் தங்கள் வட்டாரத்து ஃப்ரிசிய மொழியும் மாட்டு டாக்டரிடம் டச்சும் பேசுவாராம். கேட்டால் எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் பேசுகிறேன் என்று சத்தியம் பண்ணுவாராம்.

நல்ல பதில் என்று மனதுக்குள் மதிப்பெண் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன். ரகசியம் காப்பேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். உள்ளே என்ன எந்த நிலையில் இருக்கிறது என்று நான் திறந்து பார்க்கவில்லை.

2

அந்தக் குரல்களைப் பதிவு செய்து பதினான்கு வருடம் ஆகிறது. அப்போது நான் இங்கே ஆய்வு மாணவி. இரண்டு மாத விடுப்பில் என் ஊரான செஞ்சிக்குப் போய் நாற்பது பேரைப் பேச வைத்துப் பதிவு செய்தேன். வல்லம், அனந்தபுரம், தளவானூர் என்று சுற்றினோம். சுற்றினோம் என்பதில் இன்னொரு ஆள் மும்தாஜ். எம்.ஏ. வகுப்பில் பக்கத்துப் பெஞ்சு. இப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய ஸ்கூட்டியில்தான் அந்த வேலை முழுவதும் நடந்தது.

ஒவ்வொருவரையும் முதலில் ஒரு சொற்பட்டியலைப் படிக்கச் சொல்வோம். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் காட்டுவோம். பிறகு, உங்களுக்கு நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று விட்டுவிடுவோம். ழ சொல்லும்போது நாக்கு பின்னால் மடங்கும், மேலே எதையும் தொடாது. ள சொல்லும்போது தொடும். நம் பக்கத்தில் பேச்சு வேகத்தில் தொட்டுவிடும். மழை மளை ஆகிவிடும், வழி வளி ஆகிவிடும். யார் வாயில் தொடுகிறது, யார் வாயில் தொடவில்லை என்பதை நான் காதால் கேட்டுக் கேட்டு அட்டவணையில் குறித்தேன். படித்தவர்கள் பேச்சில் ழ நிற்கிறது, படிக்காதவர்கள் பேச்சில் கரைந்துவிட்டது என்பது என் முடிவு. கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

என் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் எழிலரசி முனுசாமி. முனுசாமி என் நைனா. செஞ்சியில் நெல் விற்கும் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கியவர். இங்கே வந்த முதல் வாரம் நகராட்சி கவுண்டரில் குடும்பப் பெயர் எது என்று கேட்டார்கள். அப்படி ஒன்று கிடையாது என்றேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றார்கள். அன்றிலிருந்து வரி நோட்டீசும் பல் டாக்டர் கடிதமும் திருமதி முனுசாமிக்குத்தான் வருகின்றன. விமானமே ஏறாத மனிதரின் பெயரை இந்த ஊர்க் காத்திருப்பு அறைகளில் உரக்கக் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்து போகிறேன்.

எழில் என்று சுருக்கிக் கூப்பிடச் சொன்னதில் வேறு சங்கடம். இந்த நாட்டுக்காரர்கள் வாயில் அது ஏஸில் ஆயிற்று. ஏஸல் என்றால் டச்சில் கழுதை. முதல் வகுப்பில் பின் வரிசை சிரித்தபோது காரணம் புரியவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு சக ஊழியர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதன் பிறகு அரசி என்று மாற்றிக்கொண்டேன். எனக்குப் பிறந்த மகளுக்கு மாயா என்று பெயர் வைத்தேன். எந்த கவுண்டரிலும் சிக்காத பெயர். என் கணவர் இந்த நாட்டுக்காரர் என்பதால் வீட்டில் டச்சுதான் ஓடும். மாயாவுக்குப் பன்னிரண்டு வயது. தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்வாள்.

3

மூன்று வாரம் கழித்து லோட்டெ என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு தாள்.

"முதலில் சின்னக் கேள்விகள். 'கடைசி', 'கடைசி2', 'இதுதான் கடைசி' என்று மூன்று அட்டவணைகள் இருக்கின்றன. எது கடைசி?"

எனக்குத் தெரியவில்லை. இதற்காகவே ஒரு வகுப்பு முழுக்க மாணவர்களைக் கண்டித்திருக்கிறேன். ஒரு கோப்புக்கு எப்படிப் பெயர் வைக்க வேண்டும் என்று இரண்டு பக்கக் குறிப்பு கொடுத்திருக்கிறேன்.

"சில கட்டங்களில் மஞ்சள் வண்ணம் அடித்திருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்?"

அதுவும் தெரியவில்லை. அந்த மஞ்சளைப் பார்த்த நினைவுகூட மங்கலாகத்தான் இருந்தது.

பிறகு அவள் தாளை என் பக்கம் திருப்பினாள். என் அட்டவணையை வைத்து, ழ வர வேண்டிய ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வெட்டி எடுத்து, யார் பேசியது என்று தெரியாதபடி சீட்டுக் கலைப்பது போலக் கலைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். கேட்டதோடு விடாமல் கணினியில் குரலைப் படமாக்கியும் பார்த்திருக்கிறாள். ழ என்றால் படத்தில் ஒரு பட்டை கீழே சரியும், ள என்றால் சரியாது. காதும் படமும் ஒத்துப்போனதை மட்டும் எடுத்துக்கொண்டு என் அட்டவணையோடு ஒப்பிட்டிருக்கிறாள்.

சொற்பட்டியலைப் படித்த பகுதியில் என் முடிவும் அவள் முடிவும் ஒன்று. சொந்தமாகப் பேசிய பகுதியில் ஒட்டவேயில்லை.

"படித்தவர்கள் பேச்சில் ள வரும்போது நீங்கள் ழ என்று குறித்திருக்கிறீர்கள். படிக்காதவர்கள் பேச்சில் எப்போதாவது ழ வந்தால் ள என்று குறித்திருக்கிறீர்கள். இரண்டையும் சரிசெய்தால் பேச்சில் வித்தியாசமே இல்லை. எல்லாருமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள்." பிறகு, "நான் ஏதாவது தப்பாகச் செய்திருக்கிறேனா என்று நீங்கள் பார்க்க வேண்டும்" என்றாள்.

அன்று மதியம் கதவைச் சாத்திக்கொண்டு பத்துச் சொற்களைக் கேட்டேன். அவள் செய்ததில் தப்பில்லை. வல்லத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பழைய கதை ஒன்றைச் சொல்லும்போது 'பளைய' என்றுதான் சொல்கிறார். நான் ழ என்று எழுதியிருக்கிறேன். அவர் தலைமையாசிரியர் என்று தெரிந்துகொண்டு கேட்ட காது அப்படிக் கேட்டிருக்கிறது.

பயம் வந்தது. இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி எழுதியவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு என் பதவி உயர்வு பரிசீலனைக்கு வருகிறது. ஆனால் பயத்தைவிட, அந்த மஞ்சள் என்ன என்பதுதான் அதிகமாகக் குடைந்தது.

4

மும்தாஜுக்கு போன் செய்தேன். கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"இன்னாடி எளிலு, வேல நாள்ல போன் பண்ற. அம்மா நல்லாத்தான இருக்குது? காலையிலதான் மார்க்கெட்டுல பாத்தேன்."

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. நாம ரெக்கார்ட் பண்ணமே, அந்த எக்செல் ஷீட்டுல மஞ்ச கலர் இருக்குது. அது இன்னான்னு உனக்கு ஞாபகம் இருக்குதா?"

மெஷினை நிறுத்தினாள் போலிருக்கிறது. சத்தம் அடங்கியது.

"நான் போட்டதுடி அது."

"நீயா?"

"நீ குறிக்கறப்போ நானும் கூட உக்காந்து கேட்டேன்ல. சிலது எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு. எட்மாஸ்டர் பேசறதுல ள வருதுன்னு சொன்னேன். நீ இல்ல, ழ தான்னுட்ட. ரெண்டு மூணு வாட்டி சொன்னேன். உனக்குச் சொல்லவே வராது, நீ எங்க கேக்கறதுன்னு சிரிச்ச. அப்புறம் நான் வாயத் தொறக்கல. எனக்குச் சந்தேகமா இருந்ததுக்கெல்லாம் மஞ்சள் போட்டு வெச்சேன். நீ பாத்துட்டு கேப்பன்னு நெனச்சேன்."

அப்படிச் சொன்னேனா என்று நினைவைத் துழாவினேன். வார்த்தை நினைவில்லை; சிரித்தது நினைவிருந்தது.

"எனக்கு ழ சொல்ல வராதுதான். கேக்க வரும்" என்றாள் மும்தாஜ். குரலில் கோபம் இல்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் அவளுக்கு ஒரு வரி நன்றி சொல்லியிருக்கிறேன். 'களப்பணியில் உதவிய தோழி' என்று. பெயர்கூட முழுதாக இல்லை. இருவரும் ஒரே வகுப்பு. அவளும் வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட நினைத்தவள்தான். அந்த வருடம் அவள் அத்தாவுக்கு உடம்பு முடியாமல் போக, அப்பாவின் கடையில் உட்கார்ந்தாள்.

"மஞ்ச போட்டதையும் அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சதையும் சேர்த்து வெச்சுப் பாக்கச் சொல்றேன்" என்றேன்.

"பாக்கச் சொல்லு. இருடி, கஸ்டமர் நிக்கறாங்க."

லோட்டெ பார்த்தாள். மும்தாஜ் மஞ்சள் அடித்த கட்டங்களில் பெரும்பாலானவை லோட்டெயின் காதும் என் காதும் முரண்பட்ட இடங்கள். செஞ்சியில் அன்றைக்கே எங்களிடம் இரண்டு காதுகள் இருந்திருக்கின்றன. ஒன்று சொன்னதை மட்டும்தான் கணக்கில் எடுத்திருக்கிறேன்.

5

அடுத்த வாரம் லோட்டெ மறுபடி வந்தாள். முகத்தில் ஒரு துடிப்பு. ஏதோ கிடைத்தால் அவளுக்குக் காது மடல் சிவக்கும்.

"நாற்பதாவது ஆள் விசித்திரமானவர். பழம், வழி, கீழே, எதிலும் அவருக்கு ழ இல்லை. ஒரே ஒரு சொல்லைத் தவிர. அதுவும், மூன்று வினாடிக்குள் அதை ஒருமுறை ள போட்டும் ஒருமுறை ழ போட்டும் சொல்கிறார். தெரியாமல் வருவது போல இல்லை. வேண்டுமென்றே செய்கிறார். இது இரண்டு வேறு சொற்களா?"

நாற்பதாவது ஆள் யாரென்று எனக்குத் தெரியும். அன்று வருவதாகச் சொன்ன ஒருவர் வரவில்லை. நான் நெதர்லாந்து திரும்ப இரண்டு நாள்தான் இருந்தது. கமிட்டி வேலை முடித்து வந்த நைனாவைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அதிலிருந்து மூன்று வருடத்தில் நைனா இறந்தார். அப்போது என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. வெளியே போனால் திரும்பி வரத் தனியாக ஒரு முத்திரை வாங்க வேண்டும். அது கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நாற்பதாவது கோப்பை நான் திறந்ததில்லை. ஹார்ட் டிஸ்க்கை லோட்டெயிடம் கொடுத்தபோது அதுவும் உள்ளே இருக்கிறது என்பதை நினைக்காமல் இருந்துவிட்டேன்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"சர்டிபிகேட்டுக்கு மனு எளுதறவரு கிட்ட போனேன். எளிலரசின்னு எளுதிக் குடுத்துட்டாரு. ஸ்கூல்ல பாத்துட்டு, பேரு மாறுது, மாத்திக்கினு வாங்கன்னாங்க. திரும்பப் போயி, எளில் இல்லய்யா, எழில், எழிலரசின்னு சொல்றேன். ரெண்டும் ஒண்ணுதான் போய்யான்றாரு."

நான் எழுதி வைத்திருந்த எழுத்துவடிவத்தை லோட்டெ பக்கத்துத் திரையில் வைத்திருந்தாள். அதில் நான் எழுதியிருந்தது: 'எளில் இல்லய்யா, எளில்.' அர்த்தமே இல்லாத வாக்கியம். அதை நானே கேட்டு, நானே எழுதி, சரிபார்த்தாயிற்று என்று குறியும் போட்டிருக்கிறேன். மரத்தடியில் மனு எழுதிய மனிதர் செய்ததையேதான் நானும் செய்திருக்கிறேன்.

"அகராதியில் பார்த்தேன். அழகு என்று போட்டிருக்கிறது. அழகைப் பற்றியா பேசுகிறார்?" என்றாள் லோட்டெ. அவளுக்கு என்னை அரசி என்றுதான் தெரியும்.

"இல்லை. அது என் பெயர். பேசுகிறவர் என் அப்பா."

அவள் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "நிறுத்திவிடட்டுமா?"

"இன்னொரு தரம் போடு" என்றேன்.

மூன்று தரம் கேட்டோம். மூன்றாவது தரம் எனக்குக் கண்ணீர் நின்று, நாக்கு எங்கே மடங்குகிறது என்று கவனிக்கத் தொடங்கிவிட்டேன். லோட்டெ திரையில் அந்தப் பட்டை சரியும் இடத்தை விரலால் காட்டினாள். நன்றாகச் சரிந்திருந்தது.

6

கட்டுரையை வெளியிட்ட இதழுக்குக் கடிதம் எழுதினேன். என் முடிவின் பாதி நிற்காது, காரணம் இது, திருத்தம் வெளியிட வேண்டும் என்று. துறைத் தலைவரிடமும் சொன்னேன். அவர், "பதவி உயர்வுக் குழு இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது" என்றார். எனக்கும் தெரியாது. அந்த முடிவு இன்னும் வரவில்லை.

திருத்தத்தை மூன்று பேர் சேர்ந்து எழுதினோம். லோட்டெ, மும்தாஜ், நான். இதழின் படிவத்தில் மும்தாஜின் பெயருக்கு எதிரே நிறுவனம் என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டால் படிவம் நகரவில்லை. இந்தக் கண்டத்துக்காரர்களுக்கு வெற்றுக் கட்டங்கள் மேல் என்ன கோபமோ. கடைசியில் 'தனி ஆய்வாளர், செஞ்சி' என்று போட்டோம்.

"தனி ஆய்வாளரா? கடையில ரெண்டு பேரு வேல பாக்கறாங்க, எப்டி தனி ஆவேன்?" என்றாள் மும்தாஜ். ஆனால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருக்கிறாள் என்று அம்மா சொன்னாள்.

அடுத்தது, குரல்களைப் பொதுவில் வைப்பது. வைத்தால்தான் உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்டு, நாங்கள் மறுபடி தவறியிருக்கிறோமா என்று பார்க்க முடியும். ஆனால் பதினான்கு வருடம் முன்பு வாங்கிய கையெழுத்து எங்கள் ஆய்வுக்கு மட்டும்தான். திரும்பவும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். இறந்தவர்கள் என்றால் வீட்டாரிடம். பல்கலைக்கழகத்துப் படிவத்தை நான் தமிழில் எழுதி அனுப்பினேன். மும்தாஜ் அதைப் படித்துவிட்டு, "இது எனக்கே புரியலடி" என்று சொல்லித் திரும்ப எழுதினாள். அவள் எழுதியது ஆறு வரி.

அதை எடுத்துக்கொண்டு மறுபடி ஸ்கூட்டியில் கிளம்பினாள். தளவானூரில் ஒரு அம்மா, "ரேசன் கார்டுல ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அனந்தபுரத்தில் ஒருவர் முடியாது என்றார். அன்று தம்பியோடு சண்டை போட்டதைச் சொல்லியிருந்தார், இப்போது ராசியாகிவிட்டார்களாம். அவர் குரலை எடுத்துவிட்டோம்.

வல்லத்துத் தலைமையாசிரியர் என்னிடம் நேரில் பேச வேண்டும் என்றார். மும்தாஜ் வீடியோ காலில் போட்டுக் கொடுத்தாள்.

"ஏம்மா, படிக்கச் சொன்னியே, அதுல எனக்கு ழ வந்துச்சா?"

"எல்லாத்துலயும் வந்துச்சு சார்."

"பேசறப்போ?"

"எப்பவாவதுதான் சார் வந்துச்சு."

போன் படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"முப்பது வருஷமா இதுக்காகப் பசங்கள பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சேன்" என்றார். பிறகு, "போட்டுக்கோம்மா. பேரு மட்டும் வேணாம்" என்றார்.

7

நாற்பதாவது குரலுக்கு அம்மாவைக் கேட்க வேண்டும். மும்தாஜ் வீட்டுக்குப் போய், தன் போனில் அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டினாள். நான் இன்னொரு போனில், வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முகத்தைச் சுருக்கி, போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். முடிந்ததும் முந்தானையால் போனைத் துடைத்து மும்தாஜிடம் கொடுத்தாள்.

"இதுக்கு நாலு நாள் வேல போச்சு உங்க நைனாவுக்கு. அந்த மனு எளுதறவரு திருப்பி அனுப்பினப்புறம், வீட்டுக்கு வந்து நாக்க மடிச்சு மடிச்சு சொல்லிப் பாத்துக்கினு இருந்தாரு. கமிட்டியில கூட வேல பாக்கறவங்க இன்னா முனுசாமி வாயில பூச்சி பூந்துச்சான்னு கேட்டாங்களாம்."

"என்னிய எப்பவும் எளிலுன்னுதான கூப்புடுவாரு?"

"வீட்டுல எளிலுதான். ஸ்கூல்ல, ஆபீசுல சொல்றப்போ மட்டும் அப்டி. எனக்கு இன்னமும் வர்ல பாரு."

லோட்டெயின் அப்பாவும் மாட்டு டாக்டரும் நினைவுக்கு வந்தார்கள். அந்தப் பதிவில் நைனா என்னிடம் பேசவில்லை. மனு எழுதுபவரிடம் பேசியதைத் திரும்ப நடித்துக் காட்டியிருக்கிறார்.

பிறகு விஷயத்தைச் சொன்னேன். பொதுவில் வைக்கும் பதிவுகளில் ஆட்களின் பெயர் வந்தால் அந்த இடத்தில் ஒரு 'கூ' சத்தம் போட்டு மறைக்க வேண்டும். இது நானே வகுப்பில் கொடுக்கும் விதி. நைனா பேசியதில் என் பெயர் வருகிறது. அதைக் கேட்டால் பேசியவர் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே அந்தச் சொல்லை மட்டும் மறைத்துவிட்டு மீதியைப் போடலாமா என்று கேட்டேன்.

"டிவில போடுவாங்களே, கூ-ன்னு. அது மாதிரியா?"

"ஆமா."

"அது கெட்ட வார்த்தைக்கில்ல போடுவாங்க. எம் பொண்ணு பேரு கெட்ட வார்த்தையா?"

மும்தாஜ் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போடறதா இருந்தா பேரோட போடு. இல்லன்னா போடவே வேணாம்" என்றாள் அம்மா. "அந்தப் பேர ஒளுங்கா எளுத வெக்கறதுக்குத்தான் அவரு அத்தன வாட்டி நடந்தாரு."

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு விதிவிலக்கு கேட்டு விண்ணப்பம் போட்டேன். படிவத்தின் ஐந்தாம் பக்கத்தில் 'பதிவில் பெயர் குறிப்பிடப்படும் நபரின் ஒப்புதல்' என்று ஒரு இடம். அங்கே நான் கையெழுத்திட வேண்டும். அடுத்த பக்கத்தில், அந்த ஒப்புதலை வற்புறுத்தாமல் பெற்றேன் என்று ஆய்வாளர் கையெழுத்திட வேண்டும். அதுவும் நான்தான். குழுவின் செயலாளர் இரண்டு கையெழுத்தையும் பார்த்துவிட்டு போன் செய்து, "உங்களை நீங்கள் வற்புறுத்தவில்லையே?" என்று கேட்டார். இந்த ஊர்க்காரர்கள் நகைச்சுவையைச் சிரிக்காமல்தான் சொல்வார்கள். ஆறு வாரத்தில் அனுமதி வந்தது.

8

குரல்களைப் பொதுவில் வைத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், மாயா சாப்பாட்டு மேஜையில் என் கணினியில் அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தாத்தாவின் குரலை அவள் இதற்கு முன் கேட்டதில்லை. அவள் பிறந்து ஒரு வருடத்துக்குள் அவர் போய்விட்டார். சர்டிபிகேட் கதையைக் கேட்டு ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பதிவின் தொடக்கத்துக்குப் போய் அங்கேயே நின்றாள்.

"இது யார், இந்தப் பெண்?" என்று டச்சில் கேட்டாள்.

அருகே போய்க் கேட்டேன். கதை தொடங்குவதற்கு முன்னால், பதிவு ஓடுவது தெரியாமல் யாரோ பேசுகிறார்கள். "இன்னா நைனா, வாளப்பளம் துன்னுகினே பேசுவியா? சத்தம் உள்ள கேக்கும் பாரு. மொதல்ல முளுங்கு." பின்னால் நைனா சிரிக்கிறார்.

"நான்தான்" என்றேன்.

மாயா நம்பவில்லை. "நீ இப்படிப் பேச மாட்டாய்."

உண்மைதான். அவளிடம் நான் பேசும் தமிழ் புத்தகத்திலிருந்து எடுத்தது போல இருக்கும். பிள்ளைக்குச் சரியாக வர வேண்டும் என்று ஒவ்வொரு ழ-வையும் மடித்து வைத்துப் பேசுவேன். மாயாவுக்கோ அந்த மெனக்கெடல் தேவையே இல்லை. இந்த நாட்டுப் பெண்பிள்ளைகள் சில சொற்களின் கடைசியில் வரும் ர-வை மடித்துச் சொல்கிற விதம் ஏறக்குறைய நம் ழ தான். தமிழே அரைகுறையாக வரும் என் மகள், பழம் என்று எங்கள் குடும்பத்தில் யாரையும்விடத் திருத்தமாகச் சொல்வாள்.

"நீ பளம் என்று சொல்கிறாய்" என்றாள். குற்றச்சாட்டு இல்லை. கண்டுபிடிப்பு.

நாற்பது பேரின் நாக்கையும் குறித்த அட்டவணையில் கேள்வி கேட்டவளுக்கு வரிசையே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு பதிவிலும் நான் பேசியிருக்கிறேன். ஊர்க்காரர்கள் என்னிடம்தான் பேசினார்கள், என் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் பேசினார்கள். தலைமையாசிரியரிடம் நான் எப்படிப் பேசினேன், நைனாவிடம் எப்படிப் பேசினேன் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அட்டவணையைத் திறந்து நாற்பத்தொன்று என்று ஒரு வரிசையைச் சேர்த்தேன். கேட்டுக் குறிப்பவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுத முடியாது. என்னைப் பற்றிச் சொல்ல என் காது ஆகாது. லோட்டெ தேர்வெழுதி முடித்து ஊருக்குப் போய்விட்டாள்.

"நான் செய்யலாமா?" என்றாள் மாயா.

"உனக்குத் தமிழ் சரியாகத் தெரியாதே."

"லோட்டெக்கு அதுகூடத் தெரியாதே."

என் குரலில் வரும் சொற்களைத் தனியாக வெட்டி, கலைத்து, எண் போட்டுக் கொடுத்தேன். ழ எப்படி, ள எப்படி என்று இரண்டு மாதிரி கேட்க வைத்தேன். ஹெட்போன் எங்கேயோ தொலைந்திருந்தது, ஸ்பீக்கரிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஒரு தாளில் கோடு போட்டு வைத்துக்கொண்டு மாயா நிமிர்ந்தாள்.

"நீ வெளியே போ. உன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்."

போய், சமையலறைக் கதவுக்கு வெளியே சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் நின்றேன். உள்ளே அரை வினாடி நீளத்துக்கு என் பழைய குரல் ஒரு சொல்லைச் சொன்னது. நின்றது. அதே சொல்லை மறுபடியும் சொன்னது. மாயா அவசரப்படவில்லை. நான்காவது தடவைக்குப் பிறகுதான் பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது.